கேரியரில் அமர்ந்த ஆசான்: மணிமங்கலம் வட்டாரத்து ரங்கன் பற்று குறித்த ஓர் ஆய்வு

1. பொருளும் நெறியும்

மணிமங்கலத்தில் அறை எடுத்துத் தங்கி, ஒரகடத்துக்கும் இருங்காட்டுக்கோட்டைக்கும் கம்பெனி பஸ் ஏறும் இளைஞர்கள் ஒரு கற்பனை மனிதர்மீது வைத்திருக்கும் பாசத்தை முறைப்படி ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். அம்மனிதர் ரங்கன் வாத்தியார். பா.இரஞ்சித் இயக்கி, 2021 ஜூலை 22 அன்று அமேசான் பிரைமில் வெளியான ‘சார்பட்டா பரம்பரை’யில் வரும் வடசென்னைக் குத்துச்சண்டை ஆசான். அவராக நடித்தவர் பசுபதி. வாத்தியார்மேல் வைத்த பாசம் நடிகர்மேல் வழிந்ததா, நடிகர்மேல் இருந்த மதிப்பு வாத்தியாரிடம் போய்த் தேங்கியதா என்ற சிக்கலும் இவ்வாய்வுக்கு உட்பட்டதே.

இவ்வுணர்வுக்கு அறிஞர் எவரும் பெயர் வைக்காத குறையை நீக்கி, ‘ரங்கன் பற்று’ என்று பெயரிடுகிறோம். இதை ரசிகத்தன்மை என்று சொல்லிவிட முடியாது. தமிழ்நாட்டில் ரசிகத்தன்மைக்குரிய இலக்கணங்கள் தெளிவானவை: மன்றம், கொடி, கட்-அவுட், பாலாபிஷேகம், முதல் நாள் முதல் காட்சி, பிறந்தநாள் அன்னதானம். ரங்கன் பற்றில் இவற்றுள் ஒன்றும் இல்லை. படம் வந்தபோது தியேட்டர்கள் கொரோனாவால் மூடிக் கிடந்ததால் முதல் காட்சிக்கே வழியில்லை. பசுபதியின் பிறந்தநாள் என்றைக்கு என்று கேட்டால் பற்றாளர் தலையைச் சொறிவார். ஆனால் படத்தில் எந்தக் காட்சியில் வாத்தியார் எந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கிறார் என்று கேளுங்கள். டீ ஆறிப்போகும்வரை சொல்வார்.

தரவு திரட்டிய முறை: ஏரிக்கரைப் பக்கத்து டீக்கடை பெஞ்சில் அமர்ந்து காது கொடுத்தல். சமூகவியலார் இதைப் பங்கேற்பு உற்றுநோக்கல் என்பர். கடைக்காரர் “இன்னும் ஒரு டீ போடட்டா, இல்ல எழுந்துக்கிறியா சார்?” என்பார்.

2. களமும் அதன் குத்துச்சண்டைத் தகுதியும்

வடசென்னைக் கதைக்கும் காஞ்சிபுரம் மாவட்டத்து ஏரி ஊருக்கும் என்ன தொடர்பு என்று புறத்தேர்வாளர் வினவக்கூடும். விடை ஏழாம் நூற்றாண்டில் இருக்கிறது.

சாளுக்கிய மன்னன் இரண்டாம் புலிகேசி, மகேந்திரவர்ம பல்லவனை முதல் சுற்றில் கோட்டைக்குள் தள்ளிவிட்டுப் போனான். பின்னர் மகன் நரசிம்மவர்மன் காலத்தில் இரண்டாம் சுற்று நடந்தது. பரியலம், மணிமங்கலம், சூரமாரம் ஆகிய இடங்களில் புலிகேசி தோற்றதாகக் கூரம் செப்பேடு சொல்கிறது. தோற்று ஓடிய புலிகேசியின் முதுகை ஏடாக்கி அதில் வெற்றி என்று நரசிம்மன் எழுதியதாகவும் அதே செப்பேடு பெருமை பேசுகிறது. அப்பா தோற்ற ஆட்டத்தை மகன் மறுபடி கேட்டு வாங்கி ஜெயித்த கதை இது. அந்த மகனுக்கு மாமல்லன் என்று பட்டம் வேறு. கல்கி இதை ‘சிவகாமியின் சபதம்’ ஆக்கியதால், செப்பேடு படிக்காதவர்களுக்கும் மணிமங்கலம் ஒரு போர்க்களம் என்பது தெரியும்.

ஆக, தமிழ்நாட்டில் மறு ஆட்டத்துக்குச் செப்பேட்டுச் சான்று உள்ள ஊர்கள் சிலவற்றுள் மணிமங்கலம் ஒன்று. ஆயினும் ஒரு குறை. மன்னன் பெயர் இருக்கிறது, எதிரி பெயர் இருக்கிறது, ஊர்ப் பெயர் இருக்கிறது. மல்லனுக்கு மல்யுத்தம் சொல்லிக் கொடுத்தவர் பெயரைச் செப்பேடு எழுதியவர் விட்டுவிட்டார். பட்டயம் வெட்டுவோர் வாத்தியார்களை விட்டுவிடும் வழக்கம் அன்றே தொடங்கியிருக்கிறது.

இக்காலக் களநிலை வேறு. 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார்கள் வெளிவரத் தொடங்கின. 2010இல் ஒரகடத்தில் ரெனோ நிசான், 2012இல் டைம்லர் லாரிகள், 2013இல் ராயல் என்ஃபீல்டு. இவற்றுக்கு உதிரிபாகம் செய்யும் கம்பெனிகள் வரிசையாக வந்தன. தாம்பரத்திலிருந்து முடிச்சூர் வழியே ஸ்ரீபெரும்புதூர் போகும் சாலையில் இருக்கும் மணிமங்கலம், இந்தக் கம்பெனிகளுக்கெல்லாம் அறை வாடகைக்கு விடும் ஊராயிற்று. திருவண்ணாமலை, விழுப்புரம், கடலூர்ப் பக்கத்து ஐடிஐ, டிப்ளமோ பையன்களும், ஒடிசா, பீகார்த் தம்பிகளும் மாடி அறைகளில் நெருக்கியடித்துத் தங்குகிறார்கள். ஒருவன் எழுந்து ஷிப்டுக்குப் போனால் அதே பாயில் இன்னொருவன் படுப்பான்.

அத்தகைய ஓர் அறையில், தண்ணீர்க் கேன்மேல் சாய்த்து வைத்த ஒரு செல்போனில்தான் ரங்கன் வாத்தியார் இவ்வூருக்குள் நுழைந்தார். மாமல்லனுக்கு அடுத்து மணிமங்கலத்தை வென்றவர் அவரே என்று துணிந்து கூறலாம்.

3. முன்னோர் வாத்தியார்கள்: நன்னூல்வழி ஒரு வகைப்பாடு

ஆசிரியரை அளக்கும் கோல் தமிழில் புதிதாகச் செய்ய வேண்டியதில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே பவணந்தி முனிவர் நன்னூல் பாயிரத்தில் செய்து வைத்துவிட்டார். நல்லாசிரியருக்கு நிலம், மலை, நிறைகோல், மலர் என நான்கு உவமை. ஆசிரியர் ஆகத் தகாதவருக்கும் நான்கு: கழற்குடம், மடற்பனை, பருத்திக்குண்டிகை, முடத்தெங்கு. கழற்குடம் என்பது கழற்சிக்காய் போட்டு வைத்த குடம். போட்ட வரிசையில் கொட்டாது. மடற்பனை ஏறவிடாது, பழம் தானாக விழுந்தால் உண்டு. பருத்திக்குண்டிகையில் திணிப்பதும் பாடு, பிடுங்குவதும் பாடு. முடத்தெங்கு ஒருவர் தோட்டத்தில் தண்ணீர் குடித்து அடுத்தவர் தோட்டத்தில் காய் போடும்.

இக்கோலால் தமிழ்த்திரை வாத்தியார்களை அளந்தோம்.

முதல் வகை, நாயகனே வாத்தியாராக வருவது. ‘நம்மவர்’ (1994) கமல்ஹாசன், ‘சாட்டை’ (2012) சமுத்திரக்கனி, ‘இறுதிச்சுற்று’ (2016) மாதவன், ‘மாஸ்டர்’ (2021) விஜய், ‘வாத்தி’ (2023) தனுஷ் ஆகியோர் இவ்வகையினர். இவர்கள் மலைகள். தூரத்திலிருந்தே தெரிவார்கள், இன்ட்ரோ பாட்டு இருக்கும், வகுப்பறையில் பாதி நேரமும் வில்லனோடு பாதி நேரமும் செலவிடுவார்கள். மாணவர் ஜெயித்தாலும் கைதட்டு வாத்தியாருக்கே போய்ச் சேரும்படி கேமரா பார்த்துக்கொள்ளும். இவர்கள்மேல் உள்ள அன்பு ரசிகத்தன்மை என்ற பழைய துறையில் அடங்கும். இவ்வாய்வுக்கு வெளியே நிற்கிறது.

இரண்டாம் வகை, சீடனைக் கெடுக்கும் வாத்தியார். இதில் ஒப்பாரும் மிக்காரும் இல்லாதவர் வெற்றிமாறனின் ‘ஆடுகளம்’ (2011) பேட்டைக்காரன். சேவல்சண்டை ஆசான். தன் பேச்சை மீறி மாணவன் ஜெயித்ததைப் பொறுக்கமாட்டாமல் அவனைக் கருவறுக்கிறார். நடித்தவர் ஈழத்துக் கவிஞர் வ.ஐ.ச.ஜெயபாலன், குரல் ராதாரவி. ஒரு வாத்தியாரைச் செய்ய ஒருவரின் உடலும் மற்றவரின் குரலும் தேவைப்பட்டதிலிருந்து அப்பாத்திரத்தின் கனம் விளங்கும். நன்னூலார் இவருக்கு உவமை வைக்கவில்லை. வைத்த நான்கும் சோம்பலையும் குழப்பத்தையும் பேசுகின்றன; பொறாமையை ‘அழுக்காறு’ என்று பட்டியலில் ஒரு சொல்லாகச் சொன்னதோடு சரி. பவணந்தியார் நல்ல சூழலில் வளர்ந்தவர் போலும். கம்பெனிகளில் வேலை பார்த்த எவரும் பேட்டைக்காரனைத் தெரியாது என்று சொல்ல மாட்டார்.

மூன்றாம் வகை, பாடமே நடத்தாமல் பாடம் நடத்தும் வாத்தியார். இதற்கு அயல்நாட்டுச் சான்று ‘தி கராத்தே கிட்’ (1984) படத்தின் மியாகி. நடித்த பாட் மொரிட்டா ஆஸ்கர் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டார். பையனைக் கார் துடைக்கச் சொல்லியே கராத்தே கற்பித்த பெருமகன். நம் வட்டாரத்தில் காரையே செய்கிறார்கள். கராத்தே இன்னும் வந்தபாடில்லை.

4. ரங்கனை அளத்தல்

ரங்கனோ இவற்றுள் ஒன்றிலும் முழுதாக அடங்க மறுக்கிறார். படத்தின் நாயகர் ஆர்யா. பாத்திரம் கபிலன், துறைமுகத் தொழிலாளி. ரங்கன் துணைப் பாத்திரம். எதிரிக் குத்துச்சண்டைக் குழுவான இடியாப்ப பரம்பரையின் துரைக்கண்ணு வாத்தியாரிடம் அவமானப்பட்டு, அடுத்த ஆட்டத்தில் தோற்றால் சார்பட்டா மேடையே ஏறாது என்று சொல்லிவிட்டு வருகிறார். வீராவேசமாகச் சொன்னாலும் அவர் கையில் தயாராக ஆள் இல்லை. அப்ரூவல் வருவதற்கு முன் டெலிவரி தேதி சொல்லிவிட்டு வந்த மேனேஜரின் நிலைதான் இது என்பதால், இக்காட்சி ஒரகடத்தில் உடனே புரிகிறது.

ரங்கன் கழகக்காரர். எம்.ஜி.ஆருக்கு அவர் ரசிகர்கள் சூட்டிய ‘வாத்தியார்’ பட்டத்தைத் தி.மு.க. கரைவேட்டி ஒன்று உரிமையோடு சுமந்து திரிவது தனி ஆய்வுக்குரியது. 1976 ஜனவரி 31 அன்று தி.மு.க. ஆட்சி கலைக்கப்படுகிறது. படத்தில் கபிலன் எதிரணி வீரன் வேம்புலியை வீழ்த்தப்போகும் நேரத்தில் போலீஸ் வந்து ரங்கனைக் கைது செய்கிறது. மாணவனின் வாழ்நாள் ஆட்டத்தின் முடிவை வாத்தியார் பார்க்க முடியாமல் போகிறது. இந்த இடத்தை ஆய்வாளர் குறித்துக்கொள்க; ஐந்தாம் பகுதியில் வேண்டியிருக்கும்.

நன்னூல் கோலால் அளந்தால் ரங்கன் நிலம், நிறைகோல் இரண்டிலும் தேறுகிறார். பொறுமையும் நடுநிலையும் உண்டு. அந்த நடுநிலையே அவர்மேல் உள்ள ஒரே வலுவான குற்றச்சாட்டுக்கும் காரணம். குற்றம் சாட்டுபவர் அவர் மகன் வெற்றிச்செல்வன். பெற்ற மகன் வளையத்துக்குள் இறங்கக் காத்திருக்க, அப்பா ஊரார் பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்கிறார். தன் தோட்டத்துத் தண்ணீர், அடுத்த தோட்டத்துக் காய். வெற்றிச்செல்வன் தரப்பில் பார்த்தால் ரங்கன் சந்தேகமில்லாத முடத்தெங்கு.

டீக்கடை அரங்கில் இவ்வாதத்தை முன்வைத்தபோது கடும் எதிர்ப்பு எழுந்தது. “அண்ணா, அவரு மகனுக்கே சான்ஸ் குடுத்திருந்தா, அப்புறம் எங்க கம்பெனி மாதிரி ஆயிருக்கும்” என்றார் ஒரு பிரஸ் ஷாப் ஆபரேட்டர். மேற்கொண்டு விளக்கம் கேட்டதற்கு, தன் ஐ.டி. கார்டைச் சட்டைப்பைக்குள் செருகிக்கொண்டு பேச்சை மாற்றினார். மௌனமும் தரவே.

5. கேரியர் கோட்பாடு

ரங்கன் பற்றின் மையத்தில் ஒரு மிதிவண்டி நிற்கிறது.

கபிலன் மிதிக்க, வாத்தியார் பின்னால் அமர்ந்து வரும் காட்சி படம் வெளியான சில நாட்களில் தமிழ்நாடு முழுக்கப் பரவியது. அந்தப் படத்தைப் போட்டு, வாத்தியாரை எங்கெங்கோ கூட்டிப்போனார்கள். பிரியாணிக் கடைக்கு, அரியர் எழுதும் பரீட்சை ஹாலுக்கு, தடுப்பூசி முகாமுக்கு, சம்பளம் போட்ட நாளில் செல்போன் கடைக்கு. மணிமங்கலத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்களில் கம்பெனி கேட், கேன்டீன் சாம்பார், நைட் ஷிப்ட் பஸ் எல்லாம் வாத்தியாருக்குக் காட்டப்பட்டன.

மற்ற ஆய்வாளர்கள் இதை நகைச்சுவை என்று ஒதுக்கிவிட்டனர். நாம் கூர்ந்து நோக்குவோம். இத்தனை பயணங்களில் ஒன்றிலாவது வாத்தியார் ஏதேனும் கற்பிக்கிறாரா? இல்லை. குத்தும் இல்லை, காலடியும் இல்லை. அவர் வேலை உட்கார்ந்து வருவது. மிதிப்பவனே பேசுகிறான்: இது எங்க லைன் வாத்தியாரே, இது எங்க ரூம் வாத்தியாரே, இதுதான் வாத்தியாரே நம்ம பொழப்பு.

கோட்பாடு வருமாறு: மாணவன் வாத்தியாரிடம் எதிர்பார்ப்பது பாடத்தைக் காட்டிலும் பார்வையை. வேலை தெரிந்த ஒரு கண் தன் வேலையைப் பார்க்க வேண்டும். இதைப் பின்வருமாறு சூத்திரமாக்கினோம்.

கற்பித் தோனினும் கண்டோன் பெரியன்;
கண்டோன் தன்னினும் கண்டது சொல்லாது
‘ம்’மென் றிருப்போன் ஆசான் ஆகும்.

இதன் பொருள்: சொல்லிக்கொடுத்துவிட்டுப் போகிறவர் டிரெய்னிங் ஆபீசர். நின்று பார்க்கிறவர் சீனியர். பார்த்துவிட்டு நோட்டில் எழுதாமல், மெயில் போடாமல், ‘ம்’ என்று தலையசைத்து நகர்பவர் வாத்தியார்.

பார்வைக்குப் பஞ்சம் உண்டா, கம்பெனியில் எல்லாரும்தானே பார்க்கிறார்கள் என்று கேட்கலாம். கேமரா பார்க்கிறது. தலைக்குமேல் போர்டில் டார்கெட் எண்ணும் ஆக்சுவல் எண்ணும் ஓடுகின்றன. சூப்பர்வைசர் டார்ச் அடித்துக் கீறல் தேடுகிறார். இவையெல்லாம் பாகத்தைப் பார்க்கின்றன. பாகம் செய்த கையை எதுவும் பார்ப்பதில்லை. நல்ல போல்ட்டும் நல்ல போல்ட்டும் ஒன்றுபோலவே இருக்கும் ஆதலால், அதை முறுக்கியவன் இன்றைக்கு நேற்றைவிட நேர்த்தியாக முறுக்கினான் என்பது அவனுக்கும் சக தொழிலாளிக்கும் மட்டுமே தெரியும் சங்கதி.

இங்கே ஒரு சிறு பொருளை அருகில் வைத்துப் பார்ப்போம். பல கம்பெனிகளில் காலையில் கேட்டில் செக்யூரிட்டி, பையனின் செல்போனை வாங்கிப் பின்பக்கத்துக் கேமரா கண்ணின்மேல் வட்டமான சிவப்பு ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டிக் கொடுக்கிறார். உள்ளே படம் எடுக்கக்கூடாது. மாலையில் பஸ் ஏறியதும் பையன்கள் நகத்தால் அதைச் சுரண்டி எடுத்து முன்சீட்டின் பின்புறத்தில் ஒட்டுகிறார்கள். பழைய பஸ்களின் சீட்டுகளில் அம்மை போட்டதுபோலச் சிவப்புப் புள்ளிகள். சில புள்ளிகளில் இன்னும் பசை இருக்கும். கை வைத்தால் ஒட்டும். அடுத்த ஷிப்ட்காரன் அதை உரித்து, வேறு இடத்தில் ஒட்டி விளையாடுவான்.

போளூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு டிரெய்னி சொன்னது: “அம்மா வீடியோ கால்ல, எங்கடா வேல செய்ற, மிசின காட்டுன்னு கேக்குதுண்ணா. கேட்டதான் காட்டினேன். கேட்டு நல்லாதான்டா இருக்குதுன்னுச்சு.”

தொழில் கம்பெனியின் ரகசியம், காட்டக்கூடாது. ஊரில் இருப்பவர்கள் காட்டினாலும் அறிய மாட்டார்கள். அறியக்கூடியவர் பக்கத்து ஸ்டேஷனில் இருக்கிறார். அவருக்கு நிமிரக்கூட நேரமில்லை. இந்த மூன்று கதவும் சாத்தியிருப்பதால் கற்பனையில் ஒருவரைக் கேரியரில் ஏற்றிக்கொண்டு உள்ளே போக வேண்டியிருக்கிறது. ரங்கனின் போனுக்கு ஸ்டிக்கர் ஒட்ட முடியாது. அவர் காலம் 1970கள்.

படத்திலேயே கபிலனின் மிகப்பெரிய நஷ்டம் எது என்று இப்போது கேட்கலாம். வேம்புலியிடம் வெற்றி கைநழுவியது பாதி. ஜெயிப்பதை வாத்தியார் பார்க்காமல் போனது மீதிப் பாதி. அதன்பின் கபிலன் சாராயத்திலும் தொந்தியிலும் கரைந்து போவதற்குத் திரைக்கதை பல காரணங்கள் சொல்கிறது. கேரியர் கோட்பாடு ஒரே காரணம் சொல்லும்: பின்சீட்டுக் காலியாகிவிட்டது.

1961ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டம் பழகுநருக்கான ஒப்பந்தம், உதவித்தொகை, விடுப்பு, பதிவேடு ஆகியவற்றைப் பேசுகிறது. ‘ம்’ சொல்வது யார் பொறுப்பு என்று அதில் விதி இல்லை. பழகுநர் காலம் முடிந்ததும் பையன் வேறு கம்பெனிக்கு, வேறு ஏஜென்ட் மூலம், வேறு நிறச் சட்டையில் போகிறான். ஒரு சீனியர் அவனைக் கவனிக்கத் தொடங்குவதற்குள் அவன் முகம் மாறிவிடுகிறது. பரம்பரை என்று ஒன்று உண்டாக, ஒரே ஆள் ஒரே இடத்தில் கொஞ்ச நாளாவது நிற்க வேண்டும். வடசென்னையில் சார்பட்டா, இடியாப்ப நாயக்கர், எல்லப்ப செட்டியார் என்று பரம்பரைகள் இருந்ததற்குக் காரணம், தோற்றவன்கூட மறுநாள் அதே வாத்தியார் முன்னால் வந்து நின்றதுதான். கான்ட்ராக்ட் முறையில் பரம்பரை முளைக்காது. பேட்ச் நம்பர்தான் முளைக்கும்.

6. நடிகர் என்னும் இரண்டாம் பொருள்

பாத்திரத்தின்மேல் உள்ள பாசம் நடிகருக்குப் பாரமாவது உலக வழக்கு. ‘ஸ்டார் வார்ஸ்’ (1977) படத்தின் ஓபி-வான் கெனோபி மேனாட்டார் போற்றும் ஒரு பெரிய வாத்தியார். நடித்தவர் ஆங்கில நாடக மேடையின் மூத்த கலைஞர் அலெக் கின்னஸ். படத்தை நூறு தடவைக்கு மேல் பார்த்ததாக ஒரு சிறுவன் அவரிடம் பெருமையாகச் சொன்னான். இனிமேல் அந்தப் படத்தைப் பார்க்க மாட்டேன் என்று எனக்கு வாக்குக் கொடுப்பாயா என்று கேட்டாராம் கின்னஸ். சிறுவன் அழுதுவிட்டான், தாய் சீறினாள். 1999இல் வந்த தம் நினைவுக்குறிப்பு நூலில் அவரே இதை எழுதியிருக்கிறார்.

மணிமங்கலத்தில் அந்த ஆபத்து குறைவு. ரங்கன் பற்றாளர்கள் கையெழுத்துக் கேட்பவர்கள் அல்லர். பசுபதியை நேரில் கண்டால் என்ன செய்வீர்கள் என்ற வினாவுக்குப் பெஞ்சில் கிடைத்த விடைகள்: “ஒண்ணும் பண்ண மாட்டேன், பக்கத்துல நிப்பேன்.” “சாப்ட்டீங்களான்னு கேப்பேன்.” “வண்டில ட்ராப் பண்ணட்டாண்ணான்னு கேப்பேன்.” மூன்றாம் விடை கேரியர் கோட்பாட்டுக்குத் தானாக வந்து சேர்ந்த சான்று.

நடிகர்மேல் இவ்வன்பு வரக் காரணம் அவர் தொழில் வரலாறு. பசுபதி கூத்துப்பட்டறையிலிருந்து வந்தவர். ந.முத்துசாமி 1977இல் தொடங்கிய நாடகக் குழு அது. உடம்பை வைத்தும் மூச்சை வைத்தும் நடிப்பதை அங்கே ஆண்டுக்கணக்கில் பழகினார்கள். பிறகு சினிமா. ‘விருமாண்டி’யில் (2004) கொத்தாளத் தேவர் என்ற வஞ்சகன். ‘வெயில்’ (2006) படத்தில் வாழ்க்கையில் எதுவுமே கைகூடாத முருகேசன். ‘குசேலன்’ (2008) படத்தில் கதை அவருடையது, போஸ்டர் ரஜினியுடையது. ‘அசுரன்’ (2019) படத்தில் தனுஷின் மைத்துனன். எந்த ஸ்டேஷனில் நிறுத்தினாலும் வேலையைக் குறைவைக்காமல் செய்து, பெயரை வேறொருவர் கொண்டுபோவதைப் பார்த்துக்கொண்டு, அடுத்த ஷிப்டுக்கு வந்து நிற்கும் மூத்த ஆபரேட்டரின் சர்வீஸ் ரெக்கார்டு இது. அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் மணிமங்கலத்தில் நிறையப் பேர்.

ரங்கனில் அவர் செய்திருக்கும் நடிப்பும் இக்கோட்பாட்டுக்கு உறவானது. வளையத்துக்குள் குத்துவது மற்றவர்கள். பசுபதிக்குக் கொடுத்த வேலை பார்ப்பது. வெறுமனே பார்ப்பதைத் திரையில் நடிப்பது எளிதன்று. பெரும்பாலோர் புருவத்தைத் தூக்கிவிடுவார்கள். பசுபதியின் முகத்தில் ஆட்டம் முழுதாக ஓடுகிறது. எதிரணி வீரன் டான்சிங் ரோஸ் சுழலும்போது ரசிகர்கள் ரோஸின் காலைப் பார்க்கிறார்கள். இரண்டாம் தடவை பார்க்கும்போது வாத்தியாரின் கண்ணைப் பார்க்கிறார்கள். எவன் சரியாகக் குத்தினான் என்று கண் சொல்லிவிடுகிறது, வாய் சொல்வதில்லை. தமிழ் ரசிகர்கள் வழக்கமாக நடிகரின் வசனத்தை நகலெடுப்பார்கள். ரங்கன் பற்றாளர்கள் நகலெடுப்பது உட்காரும் விதத்தையும் பார்க்கும் விதத்தையும்.

வாத்தியாருக்கும் ஒரு வாத்தியார் இருந்தார் என்பதும் குறிக்கத்தக்கது. ந.முத்துசாமி 2018இல் காலமானார். ரங்கனை அவர் பார்க்கவில்லை. அதே பட்டறையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த விஜய் சேதுபதி 2023இல் ‘விடுதலை’ படத்தில் பெருமாள் வாத்தியார் ஆனார். ஒரு நாடகக் குழு தமிழ்த்திரைக்கு இரண்டு வாத்தியார்களைத் தந்திருக்கிறது. அது பரம்பரை இல்லாமல் வேறென்ன?

7. மறுப்புகளும் விடைகளும்

மறுப்பு ஒன்று: ரங்கன் நல்ல வாத்தியாரே அல்லர். சிறையிலிருந்து வந்தபின் கபிலன்மேல் நம்பிக்கை இழக்கிறார். கபிலனைத் திரும்ப உருவாக்குவது கடற்கரைக் கிழவர் பீடி ராயப்பன். உழைத்தவர் ஒருவர், பெயர் இன்னொருவருக்கா?

விடை: ஆம். இதை மறுக்க வழியில்லை. பீடி ராயப்பன் பயிற்சியாளர். அவரிடம் கபிலன் ஓடுகிறான், நீந்துகிறான், இளைக்கிறான். ஆனால் இளைத்த உடம்பை யாரிடம் போய்க் காட்ட வேண்டும் என்பதில் அவனுக்குச் சந்தேகம் இல்லை. சந்தேகப்பட்ட கண்ணிடம்தான் காட்ட வேண்டும். எப்போதும் பாராட்டுகிறவரிடம் காட்டி என்ன பயன்? அம்மாவிடம் காட்டலாம், கேட் நன்றாக இருப்பதாகச் சொல்வார்.

மறுப்பு இரண்டு: இது வெறும் ஏக்கம். தகப்பன் ஊரில் இருக்க, பையன் இங்கே இருக்க, திரையில் ஒரு தகப்பனைத் தேடுகிறான்.

விடை: தகப்பனுக்கும் வாத்தியாருக்கும் உள்ள வேறுபாட்டை வெற்றிச்செல்வனிடம் கேட்டுத் தெரிந்துகொள்க. தகப்பன் மகனைப் பார்க்கிறார். வாத்தியார் ஆட்டத்தைப் பார்க்கிறார். இரண்டும் ஒரே முகத்தில் இருந்தால் வரும் கோளாறுதான் அந்த வீட்டில் நடந்தது.

8. முடிவும் பரிந்துரையும்

ஆய்வின் கடைசிக் கட்டத்தில் எதிர்பாராத ஒரு கண்டுபிடிப்பு நேர்ந்தது. நாம் சந்தித்த பற்றாளர் அனைவரும் தம்மைக் கபிலனாகவே கருதுகிறார்கள். படத்தில் வாத்தியார் முதலில் தேர்ந்தெடுத்துப் பிறகு கைவிட்ட ராமன் என்ற சீடனும் இருக்கிறான். தேர்ந்தெடுக்கப்படாத மகனும் இருக்கிறான். வளையத்துக்கு வெளியே கத்திக்கொண்டிருக்கும் கூட்டமும் இருக்கிறது. யாரும் அந்தப் பக்கம் போய் நிற்கவில்லை. அதைவிட வியப்பு, ஒருவர்கூடத் தம்மை ரங்கனாக நினைத்துப் பார்க்கவில்லை. பத்துப் பதினைந்து வருஷ சர்வீஸ் உள்ள, காதோரம் நரை விழுந்த சீனியர்களும் ஸ்டேட்டஸில் சைக்கிள் மிதிக்கிறார்கள். பெடலுக்குப் போட்டி, கேரியர் காலி. வாத்தியார் பற்றாக்குறைக்குப் பெரும் காரணம், வாத்தியார் ஆகும் வயது வந்தவர்கள் அனைவரும் இன்னும் வாத்தியாரைத் தேடிக்கொண்டிருப்பதே.

ஆகவே நிதி ஒதுக்கீடோ குழுவோ பரிந்துரைக்காமல், மேன்பவர் ஏஜென்ட்கள் மின்கம்பத்தில் ஒட்டும் மஞ்சள் நோட்டீஸின் அளவில், கீழ்க்கண்ட அறிவிப்பை மணிமங்கலம் கூட்ரோட்டில் ஒட்டுமாறு பரிந்துரைத்து இவ்வாய்வை நிறைவு செய்கிறோம்.

ஆட்கள் உடனடித் தேவை. பணி: வாத்தியார். வேலை: பக்கத்து ஸ்டேஷன் பையனை ஷிப்டுக்கு ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தல். தகுதி: அதே வேலையைக் கைவலிக்கச் செய்த அனுபவம். சம்பளம், ஓ.டி., பி.எஃப். கிடையாது. ‘சூப்பர்டா’ என்று அடிக்கடி சொல்பவர்கள் விண்ணப்பிக்க வேண்டாம். ‘ம்’ சொல்லத் தெரிந்தவர்களுக்கு முன்னுரிமை. இன்டர்வியூ இல்லை, நாளைக்குக் காலை ஷிப்டிலேயே சேரலாம்.